ஒரு அதிர்வுக்கு ஒரு மாங்கனி

கோட்டுச்சேரி கல்யாணசுந்தரிக்கு எதையும் குறைவாகச் செய்யத் தெரியாது. சாம்பாருக்கு ஒரு கைப்பிடி பருப்பு போதும் என்றால் இரண்டு போடுவாள். ஒரு ரவிக்கைத் துணி எடுக்கக் கடைக்குப் போனால் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு வருவாள். அரசுத் தொடக்கப் பள்ளியில் காலையில் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுவது அவள் வேலை. ஒரு பிள்ளைக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. அவள் ஊற்றினால் டம்ளர் வழியும். கடைசி வரிசைக்குப் பால் பற்றாமல் போய், தலைமை ஆசிரியை கமர் நிஷாவின் டீக்கு எடுத்து வைத்த பாலைக் கொண்டு சரிக்கட்டுவாள். அந்த அம்மாளும் பாலில்லாத டீ குடித்துப் பழகிவிட்டார்.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம் ஒரு செயலியைக் கொடுத்து, வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள் என்று சொல்லலாமா? சொன்னவள் அவள் பெற்ற பெண் நித்யஸ்ரீ. இருபத்தாறு வருஷமாக அம்மாவைத் தெரிந்திருந்தும் சொன்னாள்.

நித்யஸ்ரீ காரைக்காலில் நர்சிங் படித்தவள். சென்னையில் தங்கி எட்டு மாதம் ஜப்பான் மொழி கற்றுக்கொண்டு, ஒகயாமா பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். மூன்று வருஷ ஒப்பந்தம். சிங்கப்பூர், துபாய், பிரான்ஸ் என்றால் காரைக்காலில் தெருவுக்கு நாலு பேர் போய் வந்திருப்பார்கள், யாரும் பதற மாட்டார்கள். ஜப்பான் புதிது. அதுவும் தரை ஆடுகிற ஊர். போன வருஷம் மாங்கனித் திருவிழா முடிந்த வாரம், ஜப்பானில் ஏதோ ஒரு கடையில் அலமாரியிலிருந்து பாட்டில்கள் கொட்டுவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அடுப்பில் ரசம் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் கல்யாணசுந்தரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அது எங்கயோ வடக்க. இங்க ஒண்ணுமில்ல," என்று நித்யஸ்ரீ போனில் சமாதானம் சொன்னாள். "உனக்கு பயமா இருந்தா ஒரு ஆப் இருக்கு, ஏத்திக்க. இங்க ஆடப் போவுதுன்னா உன் போனும் கத்தும். ரயில் வர்றதுக்கு முன்னால கேட்டு மூடுறாங்கல்ல, அது மாதிரிதான். முதல்ல ஒரு சின்ன அலை வேகமா ஓடியாரும். அதை மிஷின் புடிச்சு எல்லார் போனுக்கும் சொல்லிடும். ஆட்டுற அலை அதுக்குப் பின்னாடி மெதுவாத்தான் வரும். நடுவுல பத்து நொடி, இருபது நொடி கிடைக்கும். நாங்க மேசைக்கு அடியில பூந்துக்குவோம்."

"பத்து நொடியில என்னாடி பண்ண முடியும்?"

"நெறய பண்ணலாம்மா. ஆப்ல என் ஊரை மட்டும் டிக் பண்ணிக்க."

செயலியைத் திறந்தால் நாற்பத்தேழு ஊர்ப் பெயர்கள் ஜப்பான் எழுத்தில் வரிசையாக நின்றன. கோலம் போட்ட மாதிரி இருந்ததே தவிர, எது மகளின் ஊர் என்று பிடிபடவில்லை. உச்சியில் ஒன்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆல். எல்லாம் என்றால் அதில் ஒகயாமாவும் இருக்கத்தானே செய்யும்? அழுத்தினாள். நாற்பத்தேழு கட்டத்திலும் பச்சை டிக் விழுந்தது. மனதுக்கு நிறைவாக இருந்தது. எதை அழுத்தினோம் என்பது ஒரு வாரத்தில் மறந்தும் போனது.

முதல் எச்சரிக்கை பால் ஊற்றும் நேரத்தில் வந்தது. இடுப்பில் செருகியிருந்த போன் பன்றிக்குட்டி மாதிரி கத்தியது. எடுத்துப் பார்த்தால் சிவப்பில் பெரிதாகப் பதினெட்டு என்று இருந்தது. பிறகு பதினேழு. பதினாறு. கல்யாணசுந்தரிக்குக் கை கால் ஓடவில்லை. மகள் மேசைக்கடியில் போய்விடுவாள், சரி. கோட்டுச்சேரியில் கரண்டியும் கையுமாக நிற்கிறவள் என்ன செய்வது?

காரைக்கால் பெண்ணுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது. ஆனிப் பௌர்ணமியில் சிவன் பிட்சாடனராக வீதியுலா வரும்போது, வேண்டியது பலித்தவர்கள் மாடியிலிருந்து மாங்கனி இறைப்பார்கள். கீழே கூடியிருக்கிறவர்கள் பிரசாதமாகப் பிடித்துக்கொள்வார்கள். காரைக்கால் அம்மையார் ஊரில் இது காலகாலமாக நடப்பது. "அம்மையே, என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது, ஒரு மாங்கனி இறைக்கிறேன்," என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். திறந்தபோது எண் மூன்றில் இருந்தது. நேரத்துக்குள் முடித்துவிட்டோம் என்று மூச்சு வந்தது.

அடுத்தது மகளுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஆடிற்றா என்று எப்படிக் கேட்பது? கெட்டதை வாயால் சொன்னால் பலித்துவிடும், எழுதினால் இன்னும் மோசம். "சாப்பிட்டியா?" என்று மட்டும் அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. "சாப்பிட்டேம்மா." பெண் நன்றாக இருக்கிறாள். வீட்டுக்குப் போனதும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்தாள்.

மறுநாள் இரண்டு கோடு. அதற்கு மறுநாள் ஒன்று. பிறகு நாலு நாள் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் மூன்று.

ஜப்பான் என்ற நாடு வருஷம் முழுக்க எங்கேயாவது ஒரு மூலையில் ஆடிக்கொண்டே இருக்கும் என்பது அவளுக்கு யார் சொல்லித் தெரியும்? ஒரு அதிர்வுக்கு ஒரு மாங்கனி என்று வாய்விட்டாயிற்று. ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு இல்லை என்றால் அம்மையார் என்ன நினைப்பார்? சில சமயம் போன் கத்தும்போதே ஆறு நொடிதான் மிச்சம் இருக்கும். அதனால் வேண்டுதலும் சுருங்கிக்கொண்டே வந்து, தை மாதம் வாக்கில் "அம்மையே, ஒண்ணு" என்று ஆகிவிட்டது. டீக்கடையில் வடைக்குச் சொல்கிற மாதிரி.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கோ ஒரே கொண்டாட்டம். ஜப்பானில் அக்கா என்ன செய்வாள் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து பால் ஆயா போன் கத்தினால் இரண்டாம் வகுப்பு மொத்தமும் பெஞ்சுக்கடியில் போய்விடும். கமர் நிஷா முதலில் அதட்டிப் பார்த்தார். பிறகு, நல்ல பழக்கம்தானே, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். நடுவில் ஒரு நாள், பேரிடர் எச்சரிக்கையைச் சோதித்துப் பார்க்க நம் அரசாங்கமே எல்லார் போனுக்கும் ஒரு செய்தி அனுப்பியது. ஊரில் உள்ள போன்களெல்லாம் ஒரே நேரத்தில் அலறின. வாத்தியார்கள் திகைத்து நின்றார்கள். பிள்ளைகள் மட்டும் சத்தமில்லாமல் பெஞ்சுக்கடியில் உட்கார்ந்து டம்ளரில் மிச்சமிருந்த பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணசுந்தரி எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கும் ஒரு மாங்கனி வேண்டிக்கொண்டாள்.

சித்திரையில் நித்யஸ்ரீ ஒரு செய்தியோடு கூப்பிட்டாள். ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறது. இல்லத்தில் தொடர்ந்து இருக்கச் சொல்கிறார்கள். இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் அந்த நாட்டு அரசாங்கப் பரீட்சை எழுதலாம், தேறினால் எந்த ஊரிலும் மதிப்பான வேலை. மாங்கனித் திருவிழா முடிந்த மூன்றாம் நாள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாக வேண்டும்.

"எனக்கு இருக்கணும்னு ஆசையாத்தாம்மா இருக்கு. ஆனா நீ வேணாம்னா வந்துடுவேன். உன்னை அழ வச்சுட்டு எனக்கு ஒரு பரீட்சையும் வேணாம். நல்லா யோசிச்சு நீயே சொல்லு."

கல்யாணசுந்தரி யோசிக்கவே இல்லை. "தெனம் தெனம் ஆடுற ஊர்ல என்னாடி பொழப்பு? பேசாம கெளம்பி வா," என்றாள். கதவுக்குப் பின்னால் அப்போது நூற்று எழுபது கோடுகள் இருந்தன. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பெண்ணின் குரல் கொஞ்சம் இறங்கியது. "சரிம்மா, திருவிழா வரைக்கும் பாப்போம்," என்று வைத்துவிட்டாள்.

அவள் கணவன் ராஜ்மோகன் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். நாலு மா நிலமும் பார்த்துக்கொள்கிறவர். கோப்பில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் தூக்கம் வராது அவருக்கு. எதையும் அளந்து செய்கிற மனிதர், எதையும் அளக்காத பெண்டாட்டி. முப்பது வருஷம் ஒருவரையொருவர் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டே சுகமாகக் குடித்தனம் நடத்திவிட்டார்கள். திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவர் கோடுகளை எண்ணினார்.

"சுந்தரி, எரநூத்திப் பதிமூணு."

"இருக்கட்டுங்க. செந்தூராவா வாங்குனா சின்னதா இருக்கும், எறியத் தோதா இருக்கும்."

"ஒரு வருஷத்துல எரநூத்திப் பதிமூணு தடவை ஆடுன ஊர்ல ஒரு வீடு நிக்குமா? நித்யாவைக் கேப்போம்."

தன் போனில் மகளை வீடியோவில் கூப்பிட்டார். எண்ணிக்கையைக் கேட்டு நித்யஸ்ரீ முதலில் புரியாமல் விழித்தாள். "எரநூத்துப் பதிமூணா? நான் இங்க வந்ததுலேருந்து விளக்கு ஆடி ரெண்டு வாட்டிதாம்பா பாத்திருக்கேன். ரெண்டும் இந்த வருஷம்தான். ஜப்பான்லயே ஆட்டம் கம்மியான ஊருன்னு சொல்லுவாங்க. அம்மா, உன் போன்ல அந்த ஆப்பைத் தொறந்து காட்டு."

கல்யாணசுந்தரி காட்டினாள். நாற்பத்தேழு பச்சை டிக்குகளும் தெரிந்தன. மறுமுனையில் சிறிது நேரம் முகமே தெரியவில்லை. பெண் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டாள்.

"மொத்த ஜப்பானையும் டிக் பண்ணி வச்சிருக்கியேம்மா. காஷ்மீர்ல மழை பேஞ்சா நீ கோட்டுச்சேரியில கொடை புடிப்பியா?" மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். "இரு இரு. அப்ப நீ ராத்திரி பதினோரு மணிக்கெல்லாம் சாப்பிட்டியான்னு கேட்டியே, அது இதுக்கா?"

"பின்ன?"

"நான் பட்டினி கெடக்கேன்னு உனக்குக் கவலைன்னு நெனச்சேம்மா. நீ நம்பணுமேன்னு தட்டுல சோத்தை வச்சு போட்டோ எடுத்து அனுப்பிச்சேன். எடுத்ததை வீணாக்கக் கூடாதுன்னு சாப்பிட்டுச் சாப்பிட்டு ரெண்டு கிலோ ஏறிட்டேன். ஆடுச்சான்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டியதுதானே?"

"நல்ல பொம்பள யாராச்சும் அதையெல்லாம் வாயால கேப்பாளா?"

ராஜ்மோகனும் சிரித்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அதனால் இன்னும் கோபம் வந்தது. கல்யாணசுந்தரி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாம்பாரில் பருப்பு அளவாக இருந்தது. அதை வாயில் வைத்ததும் ராஜ்மோகனுக்குப் பயம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கும் பால் அளவோடு கிடைத்து, கமர் நிஷாவுக்குப் பல மாதம் கழித்துப் பால் டீ கிடைத்தது. அவர் டம்ளரோடு பால் அண்டா பக்கம் வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் கேட்டு அவரும் சிரித்தார், ஆனால் மெதுவாக.

"அப்ப ரெண்டே மாம்பழத்துல முடிஞ்சுபோச்சுல்ல, சுந்தரிம்மா?"

"எப்படி டீச்சர் முடியும்? என் புள்ளைக்குன்னு நெனச்சு வேண்டுனேன், சரி. ஆடுனது வேற ஊர்ல. அங்க யாரு மேசைக்கடியில ஒக்காந்திருந்தாளோ, அவளும் ஒருத்தி பெத்த புள்ளதானே? அவ பொழச்சதுக்கு நான் கொடுக்கக் கூடாதா? வேண்டுனது வேண்டுனதுதான். அரசாங்கத்து டெஸ்ட் மெசேஜுக்கு வேண்டுனதையும் சேத்துத்தான் எறியப் போறேன்."

"எறிங்க, யாரு வேணாம்னது?" கமர் நிஷா டீயை ஆற்றினார். "ஆனா மகளை வரச் சொல்றதுக்கு இனிமே என்னா சொல்லுவீங்க? ஆடவே இல்லையாமே அந்த ஊரு."

கல்யாணசுந்தரி அண்டாவைக் கழுவத் தொடங்கினாள். ஏற்கெனவே கழுவிய அண்டாதான்.

அதுதானே விஷயம். கோபம் மகள் சிரித்ததற்கில்லை, கணவன் சிரித்ததற்கும் இல்லை. கையில் வைத்திருந்த ஒரே காரணம் போய்விட்டது. பெண்ணைத் திரும்ப அழைத்துக்கொள்ள ஊர் உலகம் ஒப்புக்கொள்கிற காரணம் அது ஒன்றுதான் இருந்தது. தரை ஆடாத ஊரில், நல்ல வேலையில், பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணை என்ன சொல்லி வா என்பது?

திருவிழாவன்று ராஜ்மோகனின் அக்கா ராஜம் வீட்டு மொட்டை மாடி. சாமி வருகிற வீதியிலேயே அவள் வீடு. நாலு கூடை செந்தூராவை ராஜ்மோகன் இரண்டு மாடி தூக்கி வந்து இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கீழே வீதி கொள்ளாத கூட்டம். பவளக்கால் சப்பரத்தில் பிட்சாடனர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அர்ச்சனை வாங்கி, அசைந்து அசைந்து வந்துகொண்டிருந்தார். குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தவர்கள், முந்தானையை ஏந்தியவர்கள், வெறுங்கையோடு எகிறிக் குதித்தவர்கள் என்று எல்லோரும் மேலே பார்த்தபடி நின்றார்கள்.

சப்பரம் நேராக வந்ததும் கல்யாணசுந்தரி கும்பிட்டுவிட்டு முதல் இரண்டை எடுத்தாள். மகளின் ஊருக்கான இரண்டு. அவற்றை எறியவில்லை, குனிந்து மெதுவாக நழுவவிட்டாள். கீழே ஒரு இளம் ஜோடி குடையில் ஏந்திக்கொண்டது.

மற்றவை பறந்தன. யார் யாருக்கோ வேண்டியவை, பெயர் தெரியாத ஊர்களில் பெயர் தெரியாத பிள்ளைகளுக்காக. ஐம்பது தாண்டியபோது வேர்த்தது. நூறு தாண்டியபோது தோள் வலித்தது. "பாத்து எறிடி, சன்ஷேடு பேந்துடப் போவுது," என்று ராஜம் பின்னாலிருந்து கத்தினாள். மற்ற மாடிகளில் ஐந்து, பத்து என்று எறிந்து முடித்தவர்கள் இவளையே வேடிக்கை பார்த்தார்கள். கீழே இருந்தவர்கள் சப்பரம் நகர்ந்த பிறகும் நகரவில்லை. "அக்கா, இந்தப் பக்கம் ஒண்ணு," என்று கை நீட்டினார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக இல்லாத சிரிப்பு. எல்லாம் தீர்ந்து கூடையைக் கவிழ்த்தபோது, கையில் மாம்பழ வாசனையோடு, கல்யாணவீட்டில் கடைசிப் பந்தியும் முடிந்த மாதிரி ஒரு நிம்மதி இருந்தது.

ஆனால் மூன்றாம் நாள் வரத்தான் செய்தது. காலை ஏழு மணி. ஜப்பானில் பத்தரை. நித்யஸ்ரீ சீருடையோடு இல்லத்தின் வாசலில் நின்று வீடியோவில் கூப்பிட்டாள். முகம் கழுவிப் பளிச்சென்று இருந்தாலும் கண் தூங்கியிருக்கவில்லை.

"அம்மா, பன்னெண்டு மணிக்குள்ள படிவத்தைக் கொடுக்கணும். என்னா எழுதட்டும்?"

கல்யாணசுந்தரி சமையலறையில் நின்றாள். ராஜ்மோகன் கூடத்தில் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காதை மட்டும் இங்கே வைத்திருந்தார். உள்ளே வரவில்லை. அதற்குக்கூட அவருக்கு ஒரு அளவு உண்டு.

"அந்த ஊரு ஆடுதுன்னு சொன்னேன்ல, அதெல்லாம் சாக்கு," என்றாள் கல்யாணசுந்தரி. "போன் கத்துனா பயமா இருக்கும். ஆனா உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாமேன்னு இருக்கும். கத்தாத நாள்ல உன்னை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு சும்மா இருப்பேன். நீ இல்லாம எனக்கு வீடு நல்லா இல்லடி. அவ்வளவுதான் விஷயம். வேற ஒரு காரணமும் இல்ல."

நித்யஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலைத் தாண்டி இறங்கியது.

"வந்துடுறேம்மா," என்றாள். "சத்தியமா. இப்பவே உள்ள போய்ச் சொல்லிடுறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே மூன்று வருஷமாகக் காத்திருந்தாள்? ஆமாம் என்று தலையசைத்தால் போதும், ஆகஸ்டில் பெண் இந்தச் சமையலறையில் நிற்பாள். கல்யாணசுந்தரி போனில் மகளை நன்றாகப் பார்த்தாள். சீருடையின் சட்டைப் பையில் பெயர் அட்டை குத்தியிருந்தது. பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு கிழவர், இந்தப் பெண் எப்போது உள்ளே வருவாள் என்று கதவோரம் காத்துக்கொண்டிருந்தார்.

"இரு நித்யா," என்றாள். "இருந்து பரீட்சையை எழுதிட்டு வா. எனக்கு நல்லா இல்லன்னு சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன். அதுக்காவ நீ வரணும்னு இல்ல."

"அம்மா..."

"அந்தத் தாத்தாவைப் பாரு, எவ்வளவு நேரமா ஒக்காந்திருக்காரு. கையெழுத்துப் போட்டுட்டுப் போய் அவரைக் கவனி. எனக்கும் பால் காய்ச்சப் போவணும்."

நித்யஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். எந்தப் பேச்சிலும் போனை முதலில் வைக்காதவள் கல்யாணசுந்தரி. மகள் வைத்த பிறகும் ஒரு நிமிஷம் காதிலேயே வைத்திருப்பாள். அன்று மட்டும் அவளே முதலில் வைத்தாள். இன்னும் ஒரு நிமிஷம் அந்த முகத்தைப் பார்த்திருந்தால் வா என்று சொல்லியிருப்பாள்.